கடல்நீர்த் தொட்டியில் நத்தைகள் சாகின்றன, உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மலாய் மொழியில் சிப்புட் என்றால் நத்தை. அதனாலேயே என் மகளுக்கு இவற்றின்மேல் தனிப் பாசம்.

100 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. கண்ணாடிப் பாசியை மேய ஈப்போவில் 6 டர்போ நத்தைகள் வாங்கினேன். துளித்துளியாக ஒரு மணி நேரம் தண்ணீர் பழக்கித்தான் விட்டேன். மூன்று வாரத்தில் நான்கு செத்துவிட்டன.

உப்பு அடர்த்தி 1.025. ஆனால் மத்தியான வெக்கையில் தண்ணீர் 31 டிகிரிக்கு ஏறி, வேகமாக வற்றுகிறது. வற்றினால் உப்பு கூடும் என்பதால் காலையும் மாலையும் நன்னீர் ஊற்றிச் சரிசெய்கிறேன். கண்ணாடியில் இப்போது பாசியே இல்லை, பட்டினியோ என்று நோரித் தாளை (காய்ந்த கடற்பாசித் தாள்) கல்லில் கட்டிவைத்தேன். ஒன்றுதான் வந்து தின்றது.

எனக்குப் பெரிய பயம் வேறு. தொட்டியையும் கல்லையும் பழையதாக வாங்கினேன். முன்பு மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து ஊற்றினார்களாம். செம்பு நத்தைக்கு நஞ்சு. கல்லில் ஊறியது இன்னும் கசியுமா? தண்ணீரைச் சுத்திகரிக்கும் கார்பன் (கரி) போட்டால் போதுமா, கல்லையே மாற்றணுமா? இங்கே செம்பு சோதிக்கும் கிட் எங்கே கிடைக்கும்?

மீதி இரண்டில் ஒன்று இன்று காலை கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.