18 தரம் ஓடின குதிரை ஏன் எல்லா ரேஸ் குதிரையளின்ர வம்சத்திலயும் நிக்குது?

உவர்மலைப் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட மாமா பின்னேரத்தில இங்கிலாந்து ரேஸ் பாக்கிற ஆள். காசு கட்டிறதில்லை, குதிரையளைப் பாக்கத்தான். அவரோட இருந்து எனக்கும் வம்ச அட்டவணை வாசிக்கிற பழக்கம் வந்திட்டுது. போன கிழமை பிராங்கல் எண்ட ரேஸ் குதிரையை எடுத்துப் பாத்தன். 14 ஓட்டம், 14 வெற்றி. தகப்பன் கலிலியோ, அதின்ர தகப்பன் சாட்லர்ஸ் வெல்ஸ், அதுக்கு மேல நோர்தேர்ன் டான்சர். தாய்ப் பக்கம் போனா கைண்ட், டேன்ஹில், டான்சிக், திரும்பவும் நோர்தேர்ன் டான்சர்! அது 1964ல கென்டக்கி டேர்பி எண்ட அமெரிக்காவின்ர பெரிய ஓட்டத்தை வெண்ட கனடாக் குதிரை. மொத்தம் 18 ஓட்டம், 14 வெற்றி. நல்ல ஓட்டம்தான், ஆனா அதே மாதிரி ஓடின குதிரையள் வேறயும் இருக்கு. இது மட்டும் ஏன் எங்க பாத்தாலும் வருது? நல்லா ஓடினா நல்ல குட்டி வரும் எண்டு நிச்சயமா?

பாலையூற்றுக் கால்நடைக்காரன்:
தம்பி, நான் குதிரை வளத்தவன் இல்லை. 31 வருஷம் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் மாட்டுக்கும் எருமைக்கும் சினை ஊசி போட்டுத் திரிஞ்ச ஆள். நோர்தேர்ன் டான்சரைப் பற்றிக் கையில கிடைச்சதெல்லாம் வாசிச்சிருக்கிறன். ஏனெண்டு சொல்லுறன்.

நாங்கள் மோட்டச் சைக்கிளில விந்து வைச்ச நைதரசன் கலத்தைக் கட்டிக்கொண்டு போவம். ஒரு காளையின்ர விந்து ஆயிரக்கணக்கான பசுவுக்குப் போகும், காளை செத்த பிறகும் போகும். தரோபிரெட் எண்ட ரேஸ் குதிரை இனத்தில அந்தக் கதை இல்லை. பொலிக்குதிரையும் (இனத்துக்கு விடுற ஆண்) பெட்டையும் நேர சேரவேணும், இல்லாட்டிக் குட்டியைப் பதிய மாட்டினம். அதால 1965ல இருந்து 1987 வரைக்கும் பொலிக்கு நிண்டும் நோர்தேர்ன் டான்சருக்குப் பிறந்தது 640 சொச்சம் குட்டிதான். அதில 140க்கு மேல ஸ்டேக்ஸ் எண்டு சொல்லுற பெரிய ஓட்டங்கள் வெண்டது. அஞ்சில ஒண்டு! பட்டி வைச்சிருக்கிறவனைக் கேளுங்கோ, இது எப்பிடிப்பட்ட கணக்கெண்டு சொல்லுவான்.

பிறப்பைப் பாருங்கோ. தாய் நட்டால்மா 1960ல முழங்கால் அடிபட்டு ஓட்டத்தை விட்டது. அந்தப் பருவம் முடியப்போற நேரத்திலதான் நியர்க்டிக் எண்ட பொலிக்குதிரையோட சேத்தவை. குட்டி விழுந்தது 1961 மே 27. வடக்கு நாடுகளில குதிரைக்கு வயசு ஜனவரி 1ல ஏறும், அதால கூட ஓடுற குதிரையள் மாதக்கணக்கில மூத்ததுகள். ஆளும் கட்டை, வளந்த பிறகும் தோள் உயரம் 5 அடி 2 அங்குலம். வளத்தவர் ஈ.பி. டெய்லர் 25,000 டொலர் விலை போட்டார். ஒருத்தரும் வாங்கேல்லை.

எனக்கு இதை வாசிக்கேக்க மூதூரில ஒரு பட்டி ஞாபகம் வந்தது. ஒரு கட்டை எருமைக் கிடா, இறைச்சிக்குக் குடுக்க விலை பேசியாச்சு. தாய் நல்ல பால்காரி எண்டு எனக்குத் தெரியும். நிண்டு கெஞ்சி நிப்பாட்டினன். பிறகு அதின்ர மகளவை கறக்கத் தொடங்கினாப் பிறகு அந்த வீட்டில தயிர்ச் சட்டி அடுக்க இடமில்லாமப் போச்சு. உயரத்தைப் பாத்து மிருகத்தைத் தள்ளாதேங்கோ எண்டு நான் சொல்லாத வீடில்லை.

டேர்பிக்கு முதல் இதில ஏறி ஓடின ஜொக்கி ஷூமேக்கர், ஹில் ரைஸ் எண்ட மற்றக் குதிரைதான் வெல்லும் எண்டு அங்கால மாறினார். இதில ஹார்டாக் எண்ட ஜொக்கி ஏறினார். ஹில் ரைஸ் கழுத்தளவில பிந்திச்சுது. நேரம் சரியா 2 நிமிஷம், 1973ல செக்ரடேரியட் எண்ட குதிரை வந்துதான் அதை உடைச்சது. அமெரிக்காவின்ர மற்றப் பெரிய ஓட்டங்களில பிறீக்னெஸும் வெண்டது, பெல்மன்ட்டில மூண்டாவது. கனடாவுக்குப் போய்க் குயின்ஸ் பிளேட் எண்ட ஓட்டம் வெண்டது, பிறகு முன்னங்கால் தசைநாண் விட்டுட்டுது. ஓட்டம் அதோட சரி.

உலகம் திரும்பிப் பாத்தது மகன் நிஜின்ஸ்கியால. 1970ல இங்கிலாந்தின்ர மூண்டு முடியோட்டமும் (மூண்டு வயசுக் குதிரையளுக்கான மூண்டு பெரிய ஓட்டம்) வெண்டது, அதுக்குப் பிறகு ஒரு குதிரையும் அதைச் செய்யேல்லை. நிச்சயமா எண்டு கேட்டீங்கள். இல்லைத் தம்பி. 1983ல நோர்தேர்ன் டான்சரின்ர இன்னொரு மகன் ஸ்னாபி டான்சரை ஒரு வயசுக் குட்டியா 1 கோடியே 2 இலட்சம் டொலருக்கு வாங்கினவை. ஒரு ஓட்டமும் ஓடேல்லை. பொலிக்கு விட்டும் நாலே நாலு குட்டி.

லிங்கநகர் அக்கா, ஸ்காபரோ:
ஐயா, நோர்தேர்ன் டான்சர் 1990 நவம்பரில மேரிலண்டில 29 வயசில செத்தது. இங்க கனடாவில ஒஷாவாவுக்குக் கொண்டுவந்து பிறந்த பண்ணையிலயே தாட்டவை. பண்ணை மூடி இப்ப அந்தப் பக்கம் வீடும் கம்பஸும். மகளை விடப் போற நேரமெல்லாம் அந்த ரோட்டாலதான் போறன். இவ்வளவு கதை இருக்கெண்டு எனக்குத் தெரியாது. அடுத்த தரம் மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாக்கப்போறன்.

உவர்மலைப் பெடியன்:
ஐயா, பெரிய நன்றி. ஒண்டு மட்டும். ரெண்டு பக்கமும் ஒரே பேர் வந்தா இரத்தம் கிட்டப் போகாதா?

பாலையூற்றுக் கால்நடைக்காரன்:
போகும். பிராங்கலுக்கு நோர்தேர்ன் டான்சர் தகப்பன் வழியில மூண்டாம் தலைமுறை, தாய் வழியில நாலாம் தலைமுறை. அந்தத் தூரம் பறவாயில்லை எண்டுதான் குதிரைக்காரர் நினைக்கினம். நான் பட்டிகளில சில வருஷத்துக்கு ஒருக்காக் காளையை மாத்தச் சொல்லுவன், மகளோட தகப்பன் சேரக்கூடாது. குதிரையில பேர்போன பொலிக்கு எல்லாரும் போறதால வம்சம் ஒடுங்குது. அமெரிக்காவில ஒரு பொலிக்கு வருஷத்துக்கு 140 பெட்டை எண்டு 2020ல வரம்பு போட்டவை, 2022ல எடுத்துப்போட்டினம். எனக்கு அது மனவருத்தம்.

இன்னொண்டு. நீங்கள் நோர்தேர்ன் டான்சரோட நிண்டிட்டீங்கள். அதின்ர தாய் நட்டால்மா, அம்மம்மா அல்மஹ்மூட். டேன்ஹிலின்ர அட்டவணையில நட்டால்மா ரெண்டு தரம் வருவா. ஜப்பானில பொலிக்கு நிண்டு பேரெடுத்த சண்டே சைலன்ஸின்ர தகப்பன் ஹேலோவுக்கும் அல்மஹ்மூட்தான் அம்மம்மா. மாமாவையும் பக்கத்தில இருத்தி, இந்த முறை தாய்மாரின்ர பேரை மட்டும் எழுதிக்கொண்டு போய்ப் பாருங்கோ.