இருவருமே 2.00 மீட்டர், அப்புறம் தங்கம் ஏன் ஒருவருக்கு மட்டும்?

கேள்வி: திண்ணைவாசி
பாரிஸ் ஒலிம்பிக் (2024) மகளிர் உயரம் தாண்டுதல் இறுதிப் போட்டியை நேற்றுதான் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். உக்ரைனின் யாரோஸ்லாவா மகுச்சிக் 2.00 மீட்டர், ஆஸ்திரேலியாவின் நிக்கோலா ஒலிஸ்லாகர்ஸும் அதே 2.00 மீட்டர். அதற்கு மேல் இரண்டு பேராலும் முடியவில்லை. ஆனால் தங்கம் மகுச்சிக்குக்குப் போய்விட்டது. சரி, ஏதோ விதி இருக்கும் என்று பார்த்தால், 1.95 தாண்டிய இரினா ஹெராஷ்சென்கோவுக்கும் எலினர் பாட்டர்சனுக்கும் ஆளுக்கொரு வெண்கலம்! பக்கத்தில் இருந்த என் மகள் "ஏம்பா இப்படி?" என்று கேட்க, நான் முழித்தேன். யாராவது விளக்குங்களேன்.

பதில்: கம்பித்தட்டி
தாண்டிய உயரம் சமமாக இருந்தால் தவறுகளை எண்ணுவார்கள், அவ்வளவுதான். முதலில், அந்தக் கடைசி உயரத்தை யார் குறைந்த முயற்சியில் தாண்டினார் என்று பார்ப்பார்கள். மகுச்சிக் 2.00-ஐ முதல் முயற்சியிலேயே தாண்டிவிட்டார், ஒலிஸ்லாகர்ஸுக்கு மூன்றாவது முயற்சி வரை போனது. கதை அங்கேயே முடிந்தது. அதிலும் சமம் என்றால் தொடக்கத்திலிருந்து மொத்தம் எத்தனை முறை கம்பியைத் தட்டினார் என்ற கணக்கு வரும்.

இந்த இரண்டாவது கணக்கில் நான் சொந்தமாக அடிபட்டவள். பள்ளிக் காலத்தில் ஒரு மாவட்டப் போட்டி, 1.30 தானே என்று அலட்சியமாக ஓடிப்போய்க் குதிகாலால் லேசாக உரசினேன். கம்பி உடனே விழவில்லை, தாங்கியில் ஆடி ஆடி, நான் மெத்தையிலிருந்து எழுந்து நின்ற பிறகுதான் விழுந்தது. கடைசியில் நானும் இன்னொரு பெண்ணும் 1.42, இருவருமே முதல் முயற்சியில். அந்த 1.30-தான் என்னை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. பி.டி. டீச்சர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

பதில்: மைதானப்புழுதி
மேலே சொன்னது சரி. இரண்டு கணக்கிலும் சமம் என்றால், முதல் இடத்துக்கு மட்டும்தான் கூடுதல் தாண்டல் வைப்பார்கள், மற்ற இடங்களைப் பகிர்ந்து கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் இரண்டு வெண்கலம். முதல் இடத்திலும் இருவரும் ஒத்துக்கொண்டால் பகிரலாம், டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் கத்தாரின் பார்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் செய்தது அதுதான். பாரிஸில் அதே ஆண்கள் பிரிவில் நியூசிலாந்தின் ஹாமிஷ் கெர்ரும் அமெரிக்காவின் ஷெல்பி மெக்யூவனும் பகிராமல் கூடுதல் தாண்டலுக்குப் போனார்கள், கெர் ஜெயித்தார்.

இதே விதி மகுச்சிக்கின் காலையும் வாரியிருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2022-ல் அமெரிக்காவின் யூஜின் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அவரும் பாட்டர்சனும் 2.02. பாட்டர்சன் முதல் முயற்சி, இவர் இரண்டாவது. தங்கம் பாட்டர்சனுக்கு. உக்ரைனில் போர் தொடங்கிய கொஞ்ச நாளில் மகுச்சிக் வீட்டை விட்டுக் கிளம்பி, மூன்று நாளுக்கு மேல் காரிலேயே பயணம் செய்து பெல்கிரேடு போய் உலக உள்ளரங்கத் தங்கம் வாங்கினாரே, அதே வருஷம்தான்.

பதில்: வேலியோரம்
பாரிஸில் தாண்டல்களுக்கு நடுவே மகுச்சிக் சும்மா படுத்துக் கிடந்தாரே, ஸ்லீப்பிங் பேக்குக்குள்! ஒரு மாதம் முன்னால் அதே பாரிஸ் நகரில் 2.10 தாண்டி, 1987-ல் ரோம் உலக சாம்பியன்ஷிப்பில் பல்கேரியாவின் கோஸ்டாடினோவா வைத்த 2.09 உலக சாதனையை முறியடித்தவர். இறுதிப் போட்டியில் 2.00-ஏ போதுமானதாக இருந்தது.

இன்னொன்று, ஒரு உயரத்தில் ஒருமுறை தவறினால் மிச்ச முயற்சிகளை அடுத்த உயரத்துக்குக் கொண்டுபோகலாம். எதிராளி முதல் முயற்சியிலேயே தாண்டிவிட்டால், அதே உயரத்தைத் திரும்பத் தாண்டி என்ன லாபம் என்று யோசிப்பவர்கள் உண்டு. ஆனால் தொடர்ந்து மூன்று தவறு வந்தால் வெளியே போக வேண்டியதுதான், எந்த உயரமாக இருந்தாலும்.

திண்ணைவாசி
எல்லோருக்கும் நன்றி, இப்போது புரிகிறது. மகளிடம் சொன்னேன். அவளுக்கு அடுத்த சந்தேகம்: ஒலிஸ்லாகர்ஸ் ஒவ்வொரு முறை தாண்டியதும் நோட்டில் என்ன எழுதுகிறார்?

கம்பித்தட்டி
தன் தாண்டலுக்குத் தானே பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுக்கொள்கிறார். ஜெயித்தாலும் பத்து கொடுப்பாரா என்பது வேறு விஷயம் 🙂