டைரக்டர் பதவி தர்றாங்க, ஏத்துக்கலாமா?

ஈரோடு மஞ்சள்:
வயசு 36. கொங்குப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துல பதினோரு வருஷமா மீடியா வேலை. பிரஸ் ரிலீஸ் எழுதுறதுல ஆரம்பிச்சு இப்ப வெப்சைட், இன்ஸ்டா, விளம்பரம் எல்லாமே என் மேசைக்குத்தான் வருது. போன வாரம் கூப்பிட்டு 'டைரக்டர், மார்க்கெட்டிங் அண்ட் கம்யூனிகேஷன்ஸ்' ஆக்குறோம்னாங்க. இந்த நாற்காலில இதுவரைக்கும் பொண்ணுங்க யாரும் உக்காந்ததில்ல, சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா அட்மிஷன் டீம் என் கீழ வராதாம். விளம்பர பட்ஜெட் டிரஸ்டி ஒருத்தர் கையிலயே இருக்குமாம். மத்திய அரசு காலேஜ், யுனிவர்சிட்டிகளுக்குப் போடுற என்.ஐ.ஆர்.எஃப். ரேங்க் ஏறணும்ங்கிறது மட்டும் என் டார்கெட். இந்த வேலையில இருந்தவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

கணக்குப்பிள்ளை:
சம்பளம் எவ்வளவு ஏறுதுன்னு சொல்லவே இல்லையே மேடம்? மொதல்ல அத எழுத்துல வாங்குங்க. விசிட்டிங் கார்டு மட்டும் மாறுற ப்ரமோஷன் நிறைய பாத்தாச்சு.

பிஆர்ஓ அக்கா:
மஞ்சள், இருபத்திரண்டு வருஷம் இதே பொழப்புதான். போன வருஷம்தான் வெளிய வந்தேன்.

அந்த டார்கெட்ட முதல்ல மாத்தச் சொல்லும்மா. என்.ஐ.ஆர்.எஃப்-ல கற்பித்தலுக்கு 30, ஆராய்ச்சிக்கு 30, படிச்சு முடிச்சவங்க என்ன ஆனாங்கங்கிறதுக்கு 20, எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் படிக்கிறாங்களாங்கிறதுக்கு 10, வெளிய நமக்கு என்ன பேருங்கிற பெர்செப்ஷனுக்கு 10. உன் கை படுறது அந்தக் கடைசிப் பத்துல மட்டும்தான், அதுவும் முழுசா இல்ல. வாத்தியார் பத்தாத டிபார்ட்மெண்டுக்கு நீ ரீல்ஸ் போட்டு என்ன ஆகப்போகுது?

நான் சேந்தப்போ மார்க்கெட்டிங்ங்கிற பேரே கிடையாது. கவுன்சலிங் நாள்ல கிண்டி அண்ணா பல்கலைக்கழக வாசல்ல நின்னு, மஞ்சப் பையோட வர்ற அப்பாக்கள் கையில நோட்டீஸ் திணிக்கணும். அவ்வளவுதான். அப்புறம் ஒரு நிகர்நிலைக்கு மாறினேன். அங்கயும் எல்லாம் முடிவாகி டிசைனும் முடிஞ்சப்புறம், எழுத்துப்பிழை பாக்கத்தான் கூப்பிடுவாங்க.

2017 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லி, ஒரே வாரத்துல யுஜிசி 123 நிகர்நிலைகளுக்குக் கடிதம் போட்டுச்சே, பேருல 'யுனிவர்சிட்டி' இருக்கக் கூடாதுன்னு, ஞாபகம் இருக்கா? ஆர்ச், லெட்டர்பேட், ஐடி கார்டு, பஸ்ஸுன்னு ஒவ்வொண்ணா மாத்தினோம். ஒரு பஸ்ல பெயிண்டர் எழுத்த மட்டும் சுரண்டி எடுத்துட்டார். சுத்தி இருந்த மஞ்சள் வெயில்ல வெளுத்துக் கெடக்க, எழுத்துக்கு அடியில இருந்த இடம் மட்டும் புது மஞ்சளா நின்னு, 'யுனிவர்சிட்டி' முன்னவிடப் பளிச்சுன்னு தெரிஞ்சுது! அந்த வாரம்தான், ஒவ்வொரு வார்த்தைக்கும் கோர்ட்டு பயம் வந்ததால, முடிவெடுக்கிற ரூமுக்குள்ள எனக்கு நாற்காலி போட்டாங்க. அப்புறம் நான் எந்திரிக்கவே இல்ல. அந்தச் சூட்டோட ஒண்ணு எழுதி வாங்கினேன்: என் கையெழுத்து இல்லாம எந்தப் பேப்பருக்கும் ரிலீஸ் ஆர்டர், அதான் விளம்பரத்தப் போடச் சொல்ற உத்தரவு, போகக் கூடாது.

அது எங்க உதவுச்சுன்னா, ஒரு வருஷம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முழுப்பக்க விளம்பரம், '100 சதவீத பிளேஸ்மெண்ட்'னு. லிஸ்ட்ட வாங்கிப் பாத்தேன். அரியர் வெச்சவங்க இல்ல, மேல படிக்கப் போனவங்க இல்ல, அப்பா கடையப் பாத்துக்கப் போனவங்க இல்ல. மிச்சம் இருந்தவங்கள்ல நூறு! விளம்பரத் தர கவுன்சில் விதிப்படி, வேலை கெடச்சவங்க கணக்கப் போட்டா, அந்த பேட்ச்ல மொத்தம் எத்தனை பேர் படிச்சு முடிச்சாங்கன்னும் போடணும். போடுங்கன்னேன், முடியாதுன்னாங்க. நானும் கையெழுத்துப் போடல. ராத்திரி ஒம்பதரை மணிக்கு அந்த '100 சதவீத' வரி இல்லாத விளம்பரம் போச்சு.

டைட்டில விடு. உனக்கு வேண்டியது அந்தக் கையெழுத்து.

இன்னொண்ணு. டைரக்டர் ஆனாலும் விழான்னா "மேடம், பட்டுப்புடவை கட்டிட்டு வாங்க, காம்பியரிங் நீங்கதானே"ன்னு வருவாங்க. குத்துவிளக்கு ஏத்துறவருக்கு மெழுகுவர்த்தி நீட்டுறதும் நாமதான். நானும் ரொம்ப வருஷம் செஞ்சேன், யாரக் குத்தம் சொல்ல? ஒரு நாள் மைக்க மூணாம் வருஷப் பையன் கையில குடுத்தேன். சீஃப் கெஸ்ட் இனிஷியல ரெண்டு தடவை மாத்திச் சொன்னான். குடி ஒண்ணும் முழுகிடல.

ஈரோடு மஞ்சள்:
அக்கா, இங்க ரிலீஸ் ஆர்டர் டிரஸ்டி கையெழுத்துலதான் போகுது. கேட்டா தருவாங்களா?

பிஆர்ஓ அக்கா:
முழுசாத் தர மாட்டாங்க. அவர் கையெழுத்துக்கு முன்னாடி உன்னோடது இருக்கணும்னு கேளு, அது போதும். அதுவும் இல்லேன்னா இப்ப இருக்கிற சீட்டே தேவல, ரேங்க் இறங்குனா பழி சுமக்கவாவது வேண்டாம். எதுவா இருந்தாலும் ஏப்ரலுக்குள்ள பேசிடு. ரிசல்ட் சீசன் வந்துட்டா அங்க யாருக்கும் காது கேக்காது.

ஈரோடு மஞ்சள்:
புதன்கிழமை ரெஜிஸ்ட்ராரப் பாக்குறேன். கணக்குப்பிள்ளை சார், சம்பளமும் கேக்குறேன்.