கெராச்சூட்டிலிருந்து கடைசி நாள்: நடையா, படகா?

கேள்வி:
வணக்கம். மலேசியாவின் பினாங்கு தேசியப் பூங்காவில் மூக்கா ஹெட் கலங்கரை விளக்கமெல்லாம் பார்த்துவிட்டு, கடைசி இரவு பந்தாய் கெராச்சூட் கடற்கரையில் கூடாரம் போடுகிறோம். மறுநாள் பூங்கா வாசல் இருக்கும் தெலுக் பாஹாங்குக்கு நடந்தே வந்துவிடலாமா? அம்மாவும் வருகிறார், முட்டிவலி இருக்கிறது, ஆனாலும் படகில் ஏறமாட்டேன், நடந்துதான் முடிப்பேன் என்கிறார்.

பதில் 1:
தாராளமாக நடக்கலாம் தம்பி. ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர்தான், ஆனால் கடலை ஒட்டியே வரும் பாதை இல்லை, நடுவில் காட்டு மேடு ஒன்றை ஏறி இறங்க வேண்டும், மழை பெய்திருந்தால் பாதையில் கிடக்கும் வேர்கள் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் வேதனை. அம்மா கையில் ஊன்றுகோல் இருக்கட்டும், அவர் பையை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், நேரம் ஏற ஏற காட்டுக்குள் புழுக்கம் தாங்காது.

பதில் 2:
படகை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். முதல் நாளே படகுக்காரரிடம் பேசி, கட்டணத்தையும் முடிவு செய்துவிடுங்கள். கடல் கொந்தளித்தால் படகு வராது, அதையும் மனதில் வையுங்கள்.

பதில் 3:
கிளம்பும் முன் அங்குள்ள ஏரியைப் பாருங்கள். மேலே நன்னீர், அடியில் கடல்நீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். வறண்ட மாதமென்றால் வெறும் தரைதான். ஆமைப் பாதுகாப்பு மையமும் பக்கத்திலேயே. கடலில் மட்டும் இறங்காதீர்கள், நீரோட்டமும் ஜெல்லி மீனும் உண்டு.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. சரி, பைகளை என் தம்பியோடு படகில் அனுப்பிவிட்டு, நானும் அம்மாவும் மெதுவாக நடக்கிறோம்.