புதுப்பிப்பு: பழைய மரலாரிப் பாதையில் மலையைக் கடப்பது

வரைபடத்தில் கோடாகத் தெரியும் பழைய மரலாரிப் பாதையில் (வெட்டிய மரங்களை லாரியில் கொண்டுபோகப் போட்ட பாதை) சைக்கிளில் போய் மறுபக்கம் இறங்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்தாயிற்று. முடியும், ஆனால் கடைசிப் பகுதியில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஏற்றம் பயந்த அளவுக்கு இல்லை. பாரம் ஏற்றிய லாரிக்காக வெட்டிய பாதை, சரிவு சீராகவே போகிறது. படுத்தியெடுத்தவை ஓடைகள்தான். பாதையைக் கைவிட்டபோது ஓடைத் தண்ணீர் போக அடியில் இருந்த குழாய்களைப் பிடுங்கியிருக்கிறார்கள்; அங்கெல்லாம் ஆள் உயரப் பள்ளம். சைக்கிளைத் தோளில் போட்டு, ஈரக் களிமண்ணில் குதிகாலை ஊன்றி இறங்க வேண்டும். அப்புறம் இளமரங்கள், ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கின்றன. செயற்கைக்கோள் படத்தில் இதெல்லாம் வெறும் பச்சை!

டயர் பற்றிக் கேட்டவர்களுக்கு: 45 மி.மீ. டியூப்லெஸ், காற்றைக் குறைத்து ஓட்டினேன். ஜல்லிக்குப் போதும், கை முஷ்டியளவு கற்களுக்கு இன்னும் அகலம் வேண்டும்.