பெரும் பணத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த அனுபவம்: உங்களுக்கு உண்டா?

திருப்பூரிலிருந்து

ஒரே பனியன் கம்பெனியில் 24 வருடம் கணக்கு எழுதியவன் நான். முதலாளி நாலு பவர் டேபிள், அதாவது மோட்டார் தையல் மெஷின், போட்டுத் தொழில் தொடங்கியவர். நான் ஓய்வு பெறும்போது நிட்டிங், சாயப்பட்டறை, தையல் என்று மூன்று இடத்தில் கம்பெனி, ஆயிரம் ஆட்களுக்கு மேல். பெயர் வேண்டாம். சனிக்கிழமைச் சம்பளத்தை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாத மனிதர். பணம் இருந்தால் எதையும் சரிசெய்துவிடலாம் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை ஆட்டம் கண்ட ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவருடைய சொந்த ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் திறந்த அணை. ஆனால் கொஞ்ச வருடத்திலேயே அதில் தேங்கியது சாயக்கழிவுதான். துணியில் சாயம் பிடிக்க உப்புப் போட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, அலசும் தண்ணீரோடு வெளியே போய்விடும். எங்கள் பட்டறைக்கு லாரி லாரியாக இறங்கிய உப்பை நானே பில் பார்த்துப் பதிந்திருக்கிறேன். அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஒரு ஆடி நோம்பிக்கு என்னையும் ஊருக்குக் கூட்டிப் போனார். புது வீடு, சலவைக்கல் தரை, வாரம் தவறாமல் காரில் வரும் கேன் தண்ணீர் என்று ஆத்தாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சாப்பிட்டு எழுந்தபோது ஆத்தா சொன்னார்: "கெணத்துத் தண்ணியில பருப்பு வேக மாட்டீங்குது சாமி. உங்கப்பன் வெட்டுன கெணறு. எத்தனை செலவானாலும் சரி, அதைப் பழையபடி ஆக்கிக் குடு. வேறொண்ணும் வேண்டாம்."

முதலாளி தோட்டத்துக்குப் போய்க் கிணற்றடியில் ரொம்ப நேரம் நின்றார். சுற்றியிருந்த தென்னைகள் குரும்பையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றன. திரும்பி வரும்போது ஊத்துக்குளி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம், "அந்தக் கிணத்தச் சரிபண்ண என்ன ஆகும்னு ஒரு கணக்குப் போடுங்க" என்றார். ஆர்டர் கொடுக்கும் பையர் கேட்கும் டி-ஷர்ட்டுக்கு நூல், சாயம், தையல், செக்கிங், அட்டைப்பெட்டி வரைக்கும் பைசா சுத்தமாகக் காஸ்டிங் போடுபவன் நான். அன்றைக்கு என்னால் ஒரு எண்கூட எழுத முடியவில்லை. நிலத்துக்கு அடியில் பரவிவிட்ட உப்பை எந்தத் தலைப்பில் போடுவது?

அவர் சும்மா இருக்கவில்லை. உப்புத் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. பிளாண்ட் ஒன்றை ஊருக்கே போட்டுக் கொடுத்தார். திறந்த அன்று கிடா வெட்டி ஊருக்கே விருந்து. இரண்டு வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் உப்பை வடிகட்டும் மெம்பரேன் அடைத்துக்கொண்டது. மாற்றுவது யார், கரண்ட் பில் கட்டுவது யார் என்று பேச்சு வந்தது. ஒருவரும் முன்வரவில்லை, அறைக்குப் பூட்டு விழுந்தது.

ஆற்றுக்கு விடிவு அவர் பணத்தால் வரவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறையைத் திறக்கலாம் என்று ஆனது. எங்கள் கம்பெனியும் மாதக்கணக்கில் தள்ளாடியது. எத்தனையோ பேருக்கு வேலை போனது, அந்த வலியை நேரில் பார்த்தேன். ஆனாலும் தனித்தனியாக எந்த முதலாளியும் செய்யாததை ஒரு உத்தரவு எல்லோரையும் சேர்த்துச் செய்ய வைத்தது. அதுவரை எங்கள் பணமெல்லாம் கேன் தண்ணீர் வாங்கத்தான் பயன்பட்டது.

உங்களுக்கு இப்படி ஏதாவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள். மாறாகப் பார்த்தவர்களும் எழுதுங்கள்.

சிங்காநல்லூரிலிருந்து

மாறாகப் பார்த்தவள் நான். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதான நாளிலிருந்து சாந்தி சோசியல் சர்வீசஸ் எங்களுக்கு இன்னொரு வீடு. சாந்தி கியர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பி. சுப்பிரமணியம் 1996-இல் ஆரம்பித்த தொண்டு நிறுவனம் அது. மருந்து, ரத்தப் பரிசோதனை, டயாலிசிஸ், சாப்பாடு எல்லாமே வெளி விலையைவிடக் குறைவு.

அங்கே என்னைக் கட்டிப்போட்டது விலை மட்டும் இல்லைங்க. கேன்டீனில் நீங்கள் யார், வருமானம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். டோக்கன் வாங்கி வரிசையில் நிற்க வேண்டியதுதான். எனக்கு முன்னால் கட்டட வேலைக்காரர், பின்னால் காரில் வந்த குடும்பம். தட்டு ஒன்று, சாம்பார் ஒன்று. மேசை துடைத்த துணிகூடச் சுத்தம். தர்மச் சோறு என்று யாரும் தலைகுனிய வேண்டியதில்லை, காசு கொடுத்துத்தானே சாப்பிடுகிறோம்.

2012-இல் கியர் கம்பெனி கைமாறியது. 2020 டிசம்பரில் அவரும் காலமானார். கேன்டீன் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா டயாலிசிஸ் முடிந்து வந்து அங்கே ஒரு இட்லி சாப்பிடும்போதெல்லாம், இதை நடத்தியவருக்கு நிறைவு இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும். அமெரிக்காவில் சக் ஃபீனி என்பவர் விமான நிலையக் கடைகளில் சம்பாதித்த 800 கோடி டாலரையும் உயிரோடு இருக்கும்போதே கொடுத்து முடித்துவிட்டு, வாடகை வீட்டில் வாழ்ந்து 2023-இல் இறந்தார். படித்தபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. நம் கோவையிலேயே 1926-இல் பீளமேட்டு பி.எஸ்.ஜி. குடும்பத்தில் அண்ணன் தம்பி நாலு பேர் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு என்று எழுதி வைத்தார்களே.

பள்ளிபாளையத்திலிருந்து

எல்லோரும் கோடி பற்றியே பேசுகிறீர்கள். நாங்கள் தறி ஓட்டும் குடும்பம். அம்மாவின் ஆபரேஷனுக்காகத் தறி முதலாளியிடம் 50,000 ரூபாய் முன்பணம் வாங்கினோம். அது அடையும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது, கூலி குறைத்தாலும் கேட்க முடியாது. ஆறு வருடம். கடைசியில் என் தங்கை தன் நகையை விற்று அடைத்தாள். அன்று இரவு தறிச் சத்தம் காதில் விழாத மாதிரி தூங்கினேன். பெரிய பணத்தில் நிறைவு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அந்த 50,000-இல் இருந்தது. பணத்தால் ஒன்றும் ஆகாது என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.

பெருந்துறையிலிருந்து

பள்ளிபாளையத்துக்காரர் சொன்னது சரி. நான் கிராம சுகாதார செவிலியராக 31 வருடம் வேலை செய்தவள். போலியோ சொட்டு மருந்துக்கு உலகத்தின் பெரும் பணக்காரர்கள் பணம் கொடுத்தார்கள், ரோட்டரி சங்கத்தார் கொடுத்தார்கள், அரசாங்கம் அதைவிட அதிகம் செலவழித்தது. அந்தப் பணம் இல்லாமல் நடந்திருக்காது.

ஆனால் மருந்து ஒரு குழந்தையின் வாய்க்குள் விழுகிற இடத்தில் நான் நின்றிருக்கிறேன். முகாம் நாள் முடிந்த மறுநாள் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு செங்கல் சூளைகளுக்குப் போவோம். ஒரு சூளையில் ஒரு அம்மா குழந்தையை வைக்கோலுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். காய்ச்சல் வந்துவிடும் என்று பயம். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. சித்த நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து கல் அடுக்கினேன். அப்புறம் அவளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு சொட்டு, இடது சுண்டு விரலில் மை. நாட்டில் இயற்கையாகப் பரவிய போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில். 2014 மார்ச் 27 அன்று போலியோ ஒழிந்துவிட்டதாகச் சான்றிதழ் வந்தபோது, டிவி முன்னால் உட்கார்ந்து அந்த அம்மாவை நினைத்து அழுதேன்.

அண்ணா, உங்கள் ஆர்.ஓ. பிளாண்டுக்கு மெம்பரேன் மட்டும் குறைவில்லை. தினமும் போய்ப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

அன்னூரிலிருந்து

குளம் குட்டைகளை நிரப்பும் அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பன் காலத்திலிருந்து கேட்டது. கோயம்புத்தூர் பக்கம் பணக்காரர்களுக்கா பஞ்சம்? ஆனால் பவானியின் உபரித் தண்ணீரை எடுக்கவும், ஊர் ஊராகக் குழாய் பதிக்கவும் தனி ஆளுக்கு ஏது உரிமை? கடையடைப்பு, உண்ணாவிரதம் என்று ஊரே சேர்ந்து இழுத்த தேர் அது. 1,900 கோடி ரூபாய்க்கு மேல் அரசுப் பணம், 1,045 குளம் குட்டைகள், 2024 ஆகஸ்டில் திறப்பு. எங்கள் குளத்தில் தண்ணீர் விழுந்த அன்று வயதானவர்கள் வேட்டியோடு உள்ளே இறங்கிவிட்டார்கள்.

திருப்பூரிலிருந்து, மறுபடி

செவிலியர் அம்மா சொன்னதை முதலாளிக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது 70 தாண்டிவிட்டது, கம்பெனி மகன்கள் கையில். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு வருஷமா அதத்தானப்பா பண்ணிட்டு இருக்கறேன்" என்றார். எனக்கே தெரியாத சங்கதி. பூட்டிக் கிடந்த பிளாண்டைத் திறந்து, உள்ளூர்ப் பையன் ஒருவனை மாதச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார். தினமும் காலையில் அவன் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை டி.டி.எஸ். மீட்டர் வைத்து அளந்து போனில் சொல்ல வேண்டும். இவர் அதை ஒரு நோட்டில் எழுதுகிறார். பழைய கணக்குப்பிள்ளைக்குச் சந்தோஷமாக இருந்தது.

கிணற்றையும் விடவில்லை. ஆத்தா போய்ப் பத்து வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஆடி நோம்பிக்கும் ஒரு குடம் இறைத்து வரச் சொல்லி, அந்தத் தண்ணீரில் மருமகளை ஒரு படி பருப்பு வேகவைக்கச் சொல்கிறாராம். இந்த ஆடிக்கு என்ன ஆச்சுங்க என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரம் ஆயும் பாதிதான் வெந்துது" என்றார்.