ரேஷன் அரிசி வந்து களி போச்சு, திரும்ப பழக்க முடியுமா?

பென்னாகரத்துப் பையன்:
ஆயா இருந்தவரைக்கும் காலைல ராகி களிதாங்க, துடுப்பு போட்டு கிண்டி ஈரக்கையால உருண்டை புடிச்சு வெக்கும்போதே ஆவி பறக்கும், தொட்டுக்க பண்ணைக்கீரை கடைசல். இப்ப மூணு வேளையும் சோறு இட்லி, நடுவுல அஞ்சு ரூவா சிப்ஸ். அம்மாவுக்கு சுகர், அக்கா பொண்ணுக்கு ரத்தசோகை. ஒரே வீட்ல ரெண்டும் எப்படிங்க?

கீரைக்கட்டு:
வயிறு நிறையுது, சத்து நிறையல தம்பி. 2011 ஜூன்லேருந்து ரேஷன் அரிசி இலவசம், எத்தனையோ வீட்ல பசிய போக்குன அரிசி அது, அத குறை சொல்லவே மாட்டேன். ஆனா 100 கிராம் கேழ்வரகுல கால்சியம் 340 மில்லிகிராமுக்கு மேல, தீட்டுன அரிசில 10 கிட்டதான். பொண்ணுக்கு ராகி மட்டும் பத்தாது, கீரையோட நெல்லிக்கா இல்ல எலுமிச்சை சேருங்க, சாப்ட கையோட டீ வேணாம், இரும்புச்சத்து உடம்புல ஒட்டாது. டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்திடாதீங்க.

மலர்க்கா:
2023ல தர்மபுரி, நீலகிரி ரேஷன்ல 2 கிலோ அரிசிக்கு பதிலா ராகி குடுக்க ஆரம்பிச்சாங்களே, உங்க கடைல கேளுப்பா. வேலைக்கு ஓடுற பொம்பளைக்கு களி கிண்ட நேரம் ஏது, நான் முருங்கைக்கீரை போட்டு அடை தட்டிடுவேன், புள்ளைங்க சிப்ஸ் கேக்கறதே கொறஞ்சிருச்சு. அம்மாவுக்கு அளவா குடு, ராகியும் மாவுச்சத்துதான்.

பென்னாகரத்துப் பையன்:
நன்றிக்கா, நாளைக்கே அடை தட்டி பாக்கறோம்.